ஓலை வாசித்த மூன்று ஞாயிறு

1

நேற்று என் மகள் ஜெபாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். இரண்டு தடவையாக நாற்பது நிமிஷம் பேசினோம். எங்கள் இருவருக்கும் அது அதிகம்.

அவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். வெளிநாட்டில் பார்த்த பழைய கோவில் ஒன்றைப் பற்றி நம் திருச்சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொல்லி செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எட்டாவது வரை படித்தவன் என்னத்தை எழுத என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நேற்றுப் பேசிய பிறகு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோவிலைப் பற்றியும் இருக்கும். வேறு விஷயமும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் இங்கே வந்தது என் மனைவி ராஜத்தின் படிப்பில். அவள் நர்ஸ். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்கு விசா கொடுத்தார்கள். அவள் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் என் பாஸ்போர்ட்டும் வந்தது. ஜெபா இங்கேதான் பிறந்தாள்.

வெஸ்ட் வின்ட்சர் பக்கம் ஒரு இந்தியக் கடையில் காய்கறிப் பகுதி என் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு லாரி வரும். பெட்டிகளை இறக்கி, அழுகலைக் கழித்து, மீதியை அடுக்க வேண்டும். வெண்டைக்காய் நுனியை ஒடிக்கக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறோம். ஒடிக்காமல் வாங்கிப் போன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு நாள் ஒரு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எம்மா, போர்டு போட்டிருக்கு."

"அது அமெரிக்கன்ஸுக்கு அங்கிள். நமக்கு எதுக்கு?" என்று அடுத்ததை ஒடித்தார்.

வீட்டில் பேச்செல்லாம் ராஜம் வழியாகத்தான். ஜெபா இங்கிலீஷில் சொல்வாள். ராஜம் அதை எனக்குத் தமிழில் சொல்வாள். எனக்குப் புரியாமல் இல்லை. ஜெபாவுக்கும் தமிழ் புரியும். ஆனாலும் அப்படியே பழகிவிட்டோம். ராஜம் இறந்து நான்கு வருஷமாகிறது. அதற்குப் பிறகு நானும் மகளும் போனில் பேசிக்கொண்டதை ஒரு வரியில் எழுதிவிடலாம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க குளிரா, குளிர்தான்.

வேலை கிடைத்து லண்டன் போனாள். அங்கே பென் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. வெள்ளைக்காரன். அது எனக்குப் பெரிதில்லை. கோவிலுக்குப் போகாதவன் என்றாள். அதுதான் பெரிதாக இருந்தது. அன்று போனில் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது எல்லார் முன்னாலும் எழுந்து தடை சொல்லுவேன் என்றேனாம். நேற்றுத்தான் எனக்கே தெரியும்.

அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு பென்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடையில் ஆள் குறைவு. காலையில் நான் கிளம்பும்போது அவனும் காரில் ஏறிக்கொண்டான். யாரும் சொல்லாமல் பெட்டி இறக்கினான். முருங்கைக்காயைக் கையில் எடுத்து இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டான். கடித்து, உறிஞ்சி, துப்பு என்று கையால் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். மூன்றாம் நாள் ஜெபாவிடம் "செய்யுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு என் கோபம் முடிந்தது. முடிந்தது என்று அவளுக்கும் தெரியும் என நினைத்துக்கொண்டேன்.

3

எனக்கு கிரீன் கார்டுதான். சிட்டிசன்ஷிப்புக்கு ஆபீசர் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். ராஜம் எத்தனையோ தடவை சொன்னாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே ஓட்டிவிட்டேன். அதனால் இங்கிலாந்து போக எனக்கு விசா வேண்டியிருந்தது. பாங்க் பேப்பர், வாடகைப் பேப்பர், முதலாளியிடம் கடிதம். கைரேகை எடுக்கிற இடத்தில் மெஷின் என் விரலை ஏற்கவில்லை. பெட்டி தூக்கித் தேய்ந்த விரல். அங்கிருந்த பெண் என்னென்னவோ தடவி மறுபடி வைக்கச் சொன்னாள். நாலாவது தடவை எடுத்தது. ஏற்கவில்லை என்றால் நான் போகாமலே இருந்திருப்பேன். அதுவே நல்லதாக இருந்திருக்குமோ என்று பிறகு சில நாள் நினைத்திருக்கிறேன்.

மூன்றரை வாரம் லீவு வாங்கிப் போனேன். ஜெபா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். அங்கிருந்து ரயில். போனது பென்னின் அம்மா இருக்கிற ஊருக்கு. கல்யாணம் அந்த ஊர்க் கோவிலில்.

ரயிலில் ஜெபா ஒரு விஷயம் சொன்னாள். அவள் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பதால் அங்கே ஓலை வாசித்துக் கல்யாணம் செய்ய முடியாதாம். இருவரும் அரசாங்க ஆபீசில் போய் எழுதிக் கொடுத்து, நாள் கணக்குக் காத்திருந்து, சான்றிதழ் வாங்க வேண்டுமாம். வாங்கிவிட்டார்கள்.

"ஸோ ஓலை தேவையே இல்ல அப்பா. பட் ஐ ஆஸ்க்ட் தெம். மூணு சண்டேயும் எங்க நேம்ஸ் படிச்சு ப்ரே பண்ணுவாங்க. ஓலை மாதிரி. ஐ டிட் இட் ஃபார் யூ."

ஓலை என்ற வார்த்தையைத் தமிழில் சொன்னாள். ராஜம் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

"சரி" என்றேன்.

மனசுக்குள் சந்தோஷம்தான். "சரி"க்கு மேல் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4

கோவிலைப் பற்றி.

அது சந்தை கூடுகிற ஊர். சனிக்கிழமை கோவில் மதிலை ஒட்டியே கடை போடுகிறார்கள். கேரட்டை மண்ணோடு விற்கிறார்கள். முட்டைக்கோஸ் நல்ல சரக்கு. பென்னின் அம்மா மார்கரெட் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். கோவில் எண்ணூறு வருஷத்துக்கு முந்தியது என்றார். சுவர் மூன்று அடி கனம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்கிறது. முதல் பாதிரியாரிலிருந்து இன்றைய பாதிரியார் வரை பெயர் எழுதிய பலகை மாட்டியிருக்கிறது. கடைசிப் பெயர் ஒரு பெண். முழங்கால் போடுவதற்குச் சின்ன மெத்தைகள். ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து தைத்தவை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பூ.

தரையெல்லாம் கல்லறைக் கல். செத்தவர் பெயரை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எனக்குக் கால் கூசியது. சுவரோரமாக நடந்தேன். மார்கரெட் பார்த்துவிட்டு அவரும் ஓரமாக வந்தார்.

சுவரில் ஒரு கல்லைக் காட்டினார். அந்த ஊர்ப் பையன் ஒருவன், இருபத்து மூன்று வயது, மெட்ராஸில் ஜுரத்தில் செத்திருக்கிறான். உடம்பு அங்கேயே போய்விட்டது. அப்பா அம்மா இங்கே கல் வைத்திருக்கிறார்கள்.

"உங்க ஊர் பக்கமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இன்னும் கீழே. சவுத்" என்றேன்.

 அவருக்கும் அது போதும் போலிருந்தது.

ஞாயிறு ஆராதனைக்குப் போனோம். நம் ஊரில் வாசிக்கிற அதே முறைதான். பாஷை வேறு. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெபா என் இடது பக்கம். அவளுக்கு அந்தப் பக்கம் பென். எனக்காக வந்திருந்தான். கோட்டு போட்டிருந்தான். முழங்கால் போடுகிற இடத்தில் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தான்.

5

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது விட்டுப்போயிற்று என்று கேள்விப்பட்டேன். சின்னவர்களுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று. அப்போது பெண்ணின் அப்பா உள்ளே உட்கார மாட்டார். எழுந்து வெளியே போய் வாசலில் நிற்பார். காரணம் இதுதான். பெண்ணைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ எவனாவது ஏதாவது சொல்ல வந்தால், முதலில் அப்பன் முகத்தைப் பார்த்து வாசலில் சொல்லட்டும். சபை நடுவே பெண் பெயர் கெடக் கூடாது.

எனக்கும் ராஜத்துக்கும் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் என் மாமனார் வாசலில் நின்றார். இரண்டாவது ஞாயிறு நிஜமாகவே ஒருவர் வந்தார். தூரத்துச் சொந்தம்.

"என்னய்யா, படிச்ச பிள்ளையப் போயி எட்டாங்கிளாஸுக்குக் குடுக்கீரு?"

"படிப்பு அவகிட்ட இருக்குல்லா. வீட்டுக்கு ஒண்ணு போதும். உள்ள போயி பாட்டுப் பாடும்" என்று மாமனார் அனுப்பிவிட்டாராம்.

என் மாமனார் அன்று வாசலில் நிற்காவிட்டால் எனக்கு ராஜமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை.

இங்கிலாந்தில் அந்த முதல் ஞாயிறு பாதிரியார் அம்மா அறிவிப்புப் பேப்பரை எடுத்தார். ஜெபா பெயரும் பென் பெயரும் வரப் போகிறது என்று தெரிந்தது. நான் எழுந்தேன். ஜெபா என் கோட்டைப் பிடித்தாள். "அப்பா, ப்ளீஸ்" என்றாள். உட்காரச் சொல்கிறாள், குளிருக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு இருமல் இருந்தது. அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடுப்பாதையில் வாசலுக்கு நடந்தேன். அந்தக் கதவு பழைய கதவு. கனம். இழுத்ததும் முனகியது. விட்டதும் கோவிலே அதிர்கிற மாதிரிச் சாத்திக்கொண்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

வெளியே கல் மண்டபம் மாதிரி ஒரு முகப்பு. இரண்டு பக்கமும் கல் பெஞ்சு. நான் உட்காரவில்லை. நின்றேன். உள்ளே அவள் பெயர் வாசிப்பது லேசாகக் கேட்டது.

அப்போது ஒரு வயதான பெண் கூடையோடு வேகமாக வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"யூ ஹேவ் சம்திங் டு சே?"

அவர் மூச்சு வாங்க என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்லி தட் ஐ ஆம் லேட், டியர்" என்றார்.

வழி விட்டேன்.

பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போனேன். ஜெபா எங்கள் இடத்தில் இல்லை. முன்வரிசையில் மார்கரெட்டின் பக்கத்தில் இருந்தாள். மாமியார் வீட்டுக்காரர்களோடு உட்காருவது அவர்கள் முறை போலும் என்று நினைத்தேன்.

6

மார்கரெட் வீட்டுக்குத் திரும்பும்போது ஜெபா முன்னால் நடந்தாள். கதவைத் திறந்தபடியே கேட்டாள்.

"ஆர் யூ ஹேப்பி நவ்?"

"ஆமா" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். ராஜம் இருந்தால் அந்த இடத்தில் என் முகத்தையும் அவள் முகத்தையும் ஒரு தடவை பார்த்திருப்பாள். பார்த்ததும் என்னவென்று கேட்டிருப்பாள்.

புதன்கிழமை ஜெபா, "நெக்ஸ்ட் சண்டே நீங்க வர வேணாம்" என்றாள்.

"சரி" என்றேன். இருமலுக்காகச் சொல்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். மகள் வர வேண்டாம் என்றால் உள்ளே போக வேண்டாம். வாசல் என் வேலை. அடுத்த ஞாயிறு அவர்கள் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து நானும் கிளம்பினேன். ஆராதனை தொடங்கியிருந்தது. முகப்பில் நின்றேன். அவள் பெயர் வாசித்ததும் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறும் அப்படியே. அன்று மழை. யாரும் வரவில்லை. நான் அங்கே நின்றது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. பென்னின் அண்ணன் என்னை இரண்டாம் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தான். நம் பக்கம் பெண்ணை அப்பா கைப்பிடித்துக் கூட்டி வருவார். பெரியவர்கள் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போவார். கூப்பிடாமல் போனால் மரியாதை இல்லை. கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அதையே மறுபடி தொடங்கினார்கள். நான் நேரே முன்னால் ஆல்டர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் வந்தாள். தனியாக வந்தாள். என் பக்கம் வரும்போது பார்க்கவில்லை.

இங்கே இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். விருந்தில் நன்றாகக் கவனித்தார்கள். திங்கட்கிழமை விமானம் ஏறினேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு லாரி வந்தது.

7

அதற்குப் பிறகு போன் குறைந்தது. வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றானது. புதுக் குடும்பம், வேலை இருக்கும் என்று நானும் தொந்தரவு செய்யவில்லை.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். வாழ்த்துச் சொன்னேன். தேங்க்ஸ் என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, கேன் ஐ ஆஸ்க் யூ சம்திங்?"

"கேளும்மா."

"ஒய் டிட் யூ வாக் அவுட்?"

"எங்க இருந்து?"

"சர்ச்ல இருந்து. ஃபர்ஸ்ட் சண்டே. யூ செட் யூ வுட் ஸ்டாண்ட் அப், அண்ட் யூ டிட்."

அப்போதுதான் நான் போனில் கத்தியதை எனக்கே சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் தமிழிலேயே ஞாபகம் வைத்திருந்தாள். அன்று நான் எழுந்தபோது தடை சொல்லத்தான் எழுந்தேன் என்று அவளுக்கு உயிரே போய்விட்டதாம். சொல்லாமல் வெளியே போனதும், சொல்லுவதைவிட அது மோசமாக இருந்ததாம். எனக்காகக் கேட்டு வாங்கிய ஓலை. அதைக் கேட்கப் பிடிக்காமல் அப்பா கதவை அறைந்துவிட்டுப் போனார் என்று ஒரு வருஷம் இருந்திருக்கிறாள்.

வழக்கத்தைச் சொன்னேன். மாமனார் கதையைச் சொன்னேன். என் வாழ்நாளில் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. மற்ற இரண்டு ஞாயிறும் சொன்னேன்.

"மூணு வாரமும் வெளிய நின்னீங்களா?"

"ஆமா."

"தேர்ட் சண்டே மழை பெஞ்சுதே."

"மேல கூரை இருக்குல்லா."

"யாராவது வந்தாங்களா?"

"ஒரு பொம்பள வந்தா. லேட்டாயிட்டுன்னு சொன்னா."

சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். பிறகு அது வேறு மாதிரி ஆயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். கல்யாணத்தன்று அதே வாசலில் எனக்காக நின்றாளாம். அப்பாவைக் கூட்டி வரவா என்று பென்னின் அண்ணன் கேட்டானாம். வேண்டாம், மனசு இருந்தால் அவராக வருவார் என்று சொல்லிவிட்டாளாம். நான் வரட்டும் என்றுதான் ஆர்கனை மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு தடவ திரும்பிப் பார்த்திருக்கலாம்ல அப்பா. ஜஸ்ட் ஒன்ஸ். ஏன் பார்க்கல?"

"ஆல்டருக்கு முதுகக் காட்டி உக்காரக் கூடாது. அது வழக்கம்."

"ஓகே அப்பா" என்றாள். போனை வைத்தோம்.

நான் உள்ளே போகவில்லை. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தேன். வாசலில் நின்றது வழக்கம். அது சத்தியம். ஆனால் கோவிலில் தலையைத் திருப்பாதது வழக்கமில்லை. நம் கோவிலில் மணப்பெண் வரும்போது ஊரே திரும்பிப் பார்க்கும். வழக்கம் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தச் சொல் என் வாயில் சுலபமாக வந்துவிடுகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனை இடத்தில் அதைச் சொல்லித் தப்பித்தேனோ.

மறுபடி கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அது வழக்கமில்ல. பொய் சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"வேற யாரு கையவாவது பிடிச்சிட்டு நீ வந்துட்டா. அதப் பாக்கணுமேன்னு."



"யாரு கையும் இல்ல அப்பா. ஒரு கை சும்மா இருந்துச்சு. எல்லாரும் அதத்தான் பாப்பாங்கன்னு தோணுச்சு. அதனால பூவ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்."

முழுக்கத் தமிழில் சொன்னாள்.  போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவளும் வைக்கவில்லை.